அவருக்கு விட்டுவைத்த பாதி

என் கணவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வயதுக்காரர் எவரும் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் அறியேன். சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்பதுபோல நடந்துகொள்வார்கள். அவர் என்னைக் கூப்பிடுவது 'இஞ்சாரும்' என்றுதான். 'இங்கே பாரும்' என்பது வாய்க்குள் உருண்டு உருண்டு அப்படித் தேய்ந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதிக் கணவன்மாருக்கு அந்த ஒரு சொல்தான். சந்தையில் யாராவது 'இஞ்சாரும்' என்று குரல் கொடுத்தால் நாலு பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரேயொரு தடவை என் பெயரைச் சொன்னார். கலியாணத்தன்று தேவாலயத்தில், இன்னாராகிய நான் இன்னாராகிய உன்னை என்று வாக்குக் கொடுக்கும் இடத்தில், போதகர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. தப்ப வழியில்லை. காது இரண்டும் சிவக்க, மூச்சுக்குள் முணுமுணுத்து முடித்தார். பக்கத்தில் முக்காட்டோடு நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கொஞ்சம் உரத்துச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

லண்டனுக்கு வந்தும் இது மாறவில்லை. மோர்டனில் எங்கள் வீடு சின்னது. முன்னால் ஹோல், பின்னால் சமையல் செய்கிற குசினி, இடையில் ஒருவர் மட்டும் போகக்கூடிய ஒடுங்கிய நடை. அவர் ஹோலில் இருந்து 'இஞ்சாரும்' என்பார். நான் குசினியில் இருந்து 'வாறன்' என்பேன். கண்ணாடியைக் காணவில்லை என்றால் ஒரு இஞ்சாரும். தேத்தண்ணி வேண்டுமென்றால் இன்னொரு இஞ்சாரும். மகள் வர நேரமாகிவிட்டது என்றால் அதற்கு ஒன்று. காலையில் சண்டை போட்டுவிட்டுப் பின்னேரம் சமாதானத்துக்கு வருகிறவர் சொல்லும் இஞ்சாரும் ஒன்று இருக்கிறது. அது மிகவும் தாழ்ந்த குரலில், கடைசி எழுத்து கொஞ்சம் நீண்டு வரும். எனக்கு அதுதான் விருப்பம். அதற்காகவே சில காலைகளில் சண்டை பிடித்திருக்கிறேன்.

கூப்பிடுவது அவர் பாகம், வாறன் என்பது என் பாகம். வாறன் என்றால் உடனே போய்விட்டேன் என்று நினைக்க வேண்டாம். வெங்காயம் பொரிந்து முடிய வேண்டாமா? வாறன், வாறன் என்று மூன்று நான்கு தடவை சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஆறுதலாகத்தான் போவேன்.

நாங்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்பச் செபம் தவறியதில்லை. அதற்கும் அவர்தான் கூப்பிடுவார். முதலில் ஒரு பாட்டு. வரியின் முதல் பாதியை அவர் எடுப்பார், மற்றப் பாதியை நான் பிடிக்க வேண்டும். அவருடைய தாய் தகப்பன் அப்படித்தான் பாடுவார்களாம். தன் பாதியை முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். எனக்கோ பொறுமை கிடையாது. அவர் பாதி முடியுமுன்னே என் பாதி பாய்ந்து வந்து அதன்மேல் ஏறிவிடும்.

"ஏன் உமக்கு இவ்வளவு அவசரம்? கடவுள் பஸ் பிடிக்கப் போறாரோ?" என்பார்.

"சோறு ஆறுது" என்பேன்.

அவருக்கு ஸ்ட்ரோக் வந்த காலை நான் வேலையில் இருந்தேன். பள்ளிக்கூடமொன்றின் சமையலறையில் எனக்கு வேலை. அவர் பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்திருந்தார். பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறி, பாத்திரம் எல்லாம் அடுக்கிவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது, ஹோலில் சோபாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னைக் கண்டதும் வாயைத் திறந்தார். ஒரு சத்தமும் வரவில்லை.

விழுந்தபோது கூப்பிட்டிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குரல் போகுமுன் வந்த கடைசிச் சொல் அதுவாகத்தான் இருந்திருக்கும். வெறும் வீட்டில், நடை வழியாகப் போய், யாருமில்லாத குசினியில் முடிந்திருக்கும். டாக்டர்மார் மூளையின் படத்தைக் காட்டி எத்தனையோ சொன்னார்கள். என் மனதில் இருந்தது அந்த ஒரு சொல்தான். அதை இன்னொரு தடவை கேட்டால் போதும். கடவுளிடம் வேறெதுவும் நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்தபோது வலது காலும் கையும் பாதிதான் வேலை செய்தன. பேச்சு இல்லை. ஆனால் எல்லாம் விளங்கும். பகிடி சொன்னால் சிரிப்பார், இலங்கைச் செய்தி போட்டால் தலையை ஆட்டுவார். நான் வேலையை விட்டேன். அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். இனிமேல் இந்த மனிதர் தனியே இருக்கும்போது ஒன்றும் நடக்கக் கூடாது. சமைக்கப் போனால் அவரையும் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் குசினியில் என் பக்கத்தில் இருத்துவேன். துவாலை காயப்போடப் போனாலும் அப்படித்தான். கண் அசைந்தால் தண்ணீர், விரல் அசைந்தால் போர்வை. அவர் நினைத்து முடிக்குமுன் நான் கொண்டுவந்து நீட்டிவிடுவேன். இதைவிட ஒரு மனைவி வேறென்ன செய்ய முடியும் என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

செபத்தையும் நானே எடுத்துக்கொண்டேன். அவர் பாதியை நான் பாடி, என் பாதியையும் நான் பாடி, அவருக்காகவும் எனக்காகவும் செபித்து, இரண்டு பேருக்கும் சேர்த்து ஆமென் சொல்லி முடித்துவிடுவேன். முன்னைவிடச் சீக்கிரமாக முடிந்தது. சோறு சூடாகவே இருந்தது. இறங்கத்தான் மாட்டேன் என்றது.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு இளம் வெள்ளைக்காரப் பிள்ளை வீட்டுக்கு வரத் தொடங்கினாள். பைக்குள் படங்கள், கண்ணாடி, என்னிடம் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதிவைத்த தமிழ்ச் சொற்கள். நல்ல பிள்ளை. 'தண்ணி' என்பதை அவள் சொல்லும் அழகுக்கே அவர் சிரித்துவிடுவார். எந்த மொழியில் முதலில் பேசினாரோ அதில்தான் தொடங்க வேண்டும் என்றாள். மெல்ல மெல்லச் சில சொற்கள் வந்தன. முதலில் தெளிவாக வந்த சொல் 'ஏலாது'. எதற்கெடுத்தாலும் ஏலாது. இத்தனை காலம் அந்த வீட்டில் அது என்னுடைய சொல்லாக இருந்தது.

ஒருநாள் அந்தப் பிள்ளை கேட்டாள், உங்கள் கணவர் உங்களை என்னவென்று கூப்பிடுவார், அதைத்தான் அவர் எல்லாவற்றிலும் அதிகமாகச் சொல்ல விரும்புவார், அதைப் பயிற்சியில் சேர்ப்போம் என்று.

நான் என் பெயரைச் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்றால், வேறு என்னத்தைச் சொல்ல? 'இங்கே பாரும்' என்று என்னைக் கூப்பிடுவார் என்றால், ஐயோ பாவம், பெயர்கூட இல்லாமல் ஒரு குடித்தனமா என்று அந்தப் பிள்ளை நினைக்கும். அது ஒன்று. மற்றது, எனக்கு ஒரு ஆசையும் இருந்தது. ஒளிப்பானேன்? அன்று முக்காட்டுக்குள் சரியாகக் கேட்காமல் போனதை இந்த வயதிலாவது ஒருக்கால் ஒழுங்காகக் கேட்போமே என்று நினைத்தேன்.

அவள் என் படத்தை ஒரு அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்தாள். அட்டையைக் காட்டி என் பெயரின் முதல் எழுத்தை நான் சொல்ல வேண்டும், மிச்சத்தை அவர் சொல்ல வேண்டும். அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நாளும் அப்படியே. தண்ணிக்கு வாய் திறக்கும், தேத்தண்ணிக்குத் திறக்கும், என் பெயர் வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். மூளையில் என்னைப் பற்றிய இடம்தான் செத்துப்போய்விட்டது என்று நினைத்தேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

இதற்கிடையில் வெம்பிளியில் இருந்து ஒரு அக்கா வந்து போவா. செபக் கூட்டங்கள் நடத்துகிறவ. நல்ல மனம், ஆனால் வாய் சும்மா இருக்காது. ஒருநாள் அந்த அட்டைகளைக் கண்டுவிட்டா.

"இதெல்லாம் என்னத்துக்கு? தெரபி எண்டு திரியிறது கடவுளை நம்பாததுக்குச் சமன். எல்லாத்தையும் அவரிட்ட விட்டிட்டுப் பேசாமல் இருங்கோ."

"அக்கா, உங்களுக்குப் பல்லு வலிச்சா டென்டிஸ்ட்டிட்ட போறேல்லையோ?" என்றேன்.

அதற்குப் பிறகு அவ கொஞ்ச நாள் வரவில்லை. நான் வென்றுவிட்டதாகத்தான் நினைத்தேன்.

எங்கள் தமிழ்ச் சபை ஞாயிறு பின்னேரங்களில், வெள்ளைக்காரர் தங்கள் ஆராதனையை முடித்துவிட்டுத் தரும் தேவாலயத்தில் கூடும். எங்கள் போதகர் என்னைவிட இளையவர். கிழமை நாட்களில் கவுன்சிலில் வேலை, ஞாயிற்றுக்கிழமை எங்களோடு மாரடிப்பு. அன்றைக்கு அவர் பிரசங்கம் கடவுளோடு சேர்ந்து வேலை செய்வதைப் பற்றி.

"கடவுள் எங்கட கையைக் கேக்கிறது தேவைப்பட்டு இல்லை" என்றார். "தனியச் செய்தா அவர் கெதியாயும் செய்வார், திறமாயும் செய்வார். ஆனா எங்களை விட்டிட்டுச் செய்ய அவருக்கு மனமில்லை. அதுதான் ஒரு பாதியை எங்களுக்கு விட்டு வைக்கிறார். நாங்கள் தொடும்வரைக்கும் அது அப்பிடியே கிடக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பாதி எங்கே கிடக்கிறது? ஒரு தூசு விடாமல் செய்து முடித்துவிட்டு அல்லவா இருக்கிறேன்? ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது போதகர் எங்களிடம் வந்தார்.

"அண்ணை, எப்பிடி இருக்கிறியள்?"

"இப்ப பரவாயில்லை ஐயா. கையைப் பிடிச்சா கொஞ்சம் நடக்கிறார்" என்றேன்.

"தேத்தண்ணிக்குச் சீனி போதுமோ அண்ணை?"

"அவருக்குச் சீனி இல்லை ஐயா, டாக்டர் நிப்பாட்டிப் போட்டார்" என்றேன். பிறகு, மனதில் இருந்ததையும் கேட்டுவிட்டேன். "ஐயா, என்ர பாதியை நான் முழுக்கச் செய்திட்டன். வேலையை விட்டன். மருந்து நேரந் தவறாமல் குடுக்கிறன். பயிற்சி செய்யிறன். உபவாசமும் இருக்கிறன். கடவுள் தன்ர பாதியை எப்ப தொடங்குவார்?"

போதகர் கோப்பையை மேசையில் வைத்தார்.

"கோவிக்காதையுங்கோ அக்கா. நீங்கள் பாதி செய்யிற மாதிரித் தெரியேல்லை. முழுக்க நீங்களே செய்யிற மாதிரிக் கிடக்கு. கடவுளுக்கும் ஒண்டும் விட்டு வைக்கேல்லை, அண்ணைக்கும் ஒண்டும் விட்டு வைக்கேல்லை."

கோவிக்காதையுங்கோ என்று தொடங்கினால் கோபம் வரத்தானே செய்யும்? அவரைத் திரும்பியும் பாராமல் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் முழு வழியும் போதகரைத் திட்டிக்கொண்டே வந்தேன். மனைவி மடியில் வைத்துப் பார்க்கும்போது ஊருக்கு அது பிழையாகத் தெரிகிறதாம். என் கணவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டின் ஓரத்தில் ஒரு சிரிப்பு இருந்ததோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

மகள் இல்ஃபோர்டில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் எலிசபெத் லைன் ரயில் பிடித்து, பிறகு மாறி, மோர்டன் வந்து சேருவாள். அந்தச் சனிக்கிழமை நான் அட்டையை வைத்துக்கொண்டு பயிற்சி செய்வதைக் கதவடியில் நின்று பார்த்தாள். நான் முதல் எழுத்தைச் சொன்னேன். அவர் யன்னலைப் பார்த்தார். நான் மறுபடி சொன்னேன்.

"அம்மா, வெயிட்" என்றாள். "வட் ஆர் யூ டூயிங்? அப்பா எப்ப உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்?"

"அந்தப் பிள்ளைதான் கேட்டது, என்ன சொல்லிக் கூப்பிடுறவர் எண்டு."

"அண்ட் யூ செட் தட்? அம்மா, சின்னனில உங்கட பேரே இஞ்சாரும் எண்டுதான் நான் நினைச்சது. டீச்சரிட்டையும் அப்பிடித்தான் சொன்னனான். வட் எ லவ்லி நேம் எண்டு சொன்னவ."

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவள், பாதியிலேயே அழத் தொடங்கிவிட்டாள். நான் அவரைப் பார்த்தேன். காது இரண்டும் சிவந்திருந்தன. கலியாணத்தன்று சிவந்த அதே சிவப்பு.

மூளையில் ஒன்றும் செத்துப்போகவில்லை. மனிதருக்கு வெட்கம். அந்நியப் பெண்ணொருத்திக்கு முன்னால், பிறகு மகளுக்கு முன்னால், மனைவியின் பெயரைச் சொல்லென்று நான் நாள்தோறும் அவரை நெருக்கியிருக்கிறேன். கலியாணத்தன்றைத் தவிர ஒரு நாளும் அவர் வாயில் இருந்திராத சொல்லைக் கொண்டுபோய் அவர் வாயில் தேடியிருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெளியே ஓடிப்போய்விடலாம் போலவும் இருந்தது. அட்டையை எடுத்து அலுமாரிக்குள் போட்டேன். அவர் பெருமூச்சு விட்டார்.

பயிற்சிப் பிள்ளை வந்தபோது உண்மையைச் சொன்னேன். அவள் என்னைக் குறையாக ஒன்றும் நினைக்கவில்லை. அந்தச் சொல்லை இரண்டு மூன்று தடவை தன் வாயில் வைத்துப் பார்த்தாள். பிறகு, அவர் அதைச் சொல்லும்போது நீங்கள் வழக்கமாக எங்கே இருப்பீர்கள் என்று கேட்டாள்.

"குசினியில்" என்றேன்.

அவள் என் கதிரையைப் பார்த்தாள். அவருடைய கதிரையைப் பார்த்தாள். இரண்டுக்கும் இடையில் ஒரு கை வைக்கவும் இடமிருக்கவில்லை.

இவ்வளவு கிட்ட நீங்கள் இருந்தால் அவர் எதற்காகக் கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளுடைய வருகைகள் அந்தக் கிழமையோடு முடிகின்றன என்றும் சொன்னாள். அவர்களுக்கு இன்னும் எத்தனை பேரோ காத்திருக்கிறார்களாம். அவள் போகும்போது என் கணவர் இடது கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். 'தண்ணி' என்றார் பகிடியாக. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தனியே குசினிக்குப் போவது என்பது சொல்ல எளிது. முதல் நாள் நடையைத் தாண்டவே என் கால் வரவில்லை. அன்றைக்கு நான் இல்லாதபோது விழுந்தார். இன்றைக்கு நானாகவே எழுந்து போக வேண்டுமாம். போனேன், கேத்திலைப் போட்டேன், கொதிக்குமுன் ஓடிவந்து எட்டிப் பார்த்தேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் இந்த ஓட்டம் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக நின்று பழகினேன். குசினியில் நின்றால் கையில் வேலை ஓடாது. ரோல்ஸ் செய்ய எடுத்த இறைச்சி அப்படியே கிடக்கும். சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று குழாயை மூடிவிட்டு, விசிறியை நிற்பாட்டிவிட்டு, காதை மட்டும் ஹோலில் வைத்துக்கொண்டு நிற்பேன். ஒன்றும் வராது. ஒருநாள் எதிர்பாராமல் நடையில் தட்டுத் தட்டென்று சத்தம். பதறிக்கொண்டு திரும்பினால், தடியை ஊன்றிக்கொண்டு அவர் தானே எழும்பி வந்து குசினி வாசலில் நிற்கிறார். அவ்வளவு தூரம் துணையில்லாமல் நடந்தது அதுதான் முதல் தடவை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

"கூப்பிடுறதுக்கு என்ன? ஏன் நடந்து வந்தனீங்கள்?" என்று ஏசினேன்.

அவர் தடியைத் தூக்கிக் காட்டினார். நடக்கிறேன் பார் என்று. எனக்கு நடை வேண்டாம், குரல்தான் வேண்டும் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆசை என்பது இப்படித்தான், கையில் கொண்டுவந்து வைத்ததையும் பார்க்க விடாது.

குசினியில் அப்படி நின்ற நாட்களில்தான் அந்தப் பிரசங்கம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. போதகரோடு எனக்கு இன்னும் கோபம்தான், ஆனால் சொன்னது முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது. இத்தனை காலம் நான் கடவுளிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். ஏன் ஐயா பேசாமல் இருக்கிறீர்? ஏன் வந்து ஒன்றும் செய்கிறீரில்லை? இப்போது நானே பேசாமல் நிற்கிறேன். நிற்பதற்கு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். கல்நெஞ்சுக்காரி என்று அவர் ஹோலில் இருந்து நினைத்துக்கொண்டிருக்கலாம். ஓடிப்போய் எல்லாவற்றையும் செய்துவிடுவதுதான் எனக்கு எளிது. நிற்பது அவர்மேல் உள்ள அன்பினால்தான். அப்படியென்றால் கடவுளும் இப்படித்தான் எங்கேயோ ஒரு குசினியில், குழாயை மூடிவிட்டு, காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாரோ என்று நினைத்தேன். நினைத்தபோது கடவுள்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுதாக இறங்கவில்லை. என்றாலும் அன்று முதல் என் செபம் சுருங்கிவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, மிச்சத்துக்கு இடம் விட்டுச் சும்மா இருக்கப் பழகினேன். பாட்டிலும் என் கணவருடைய பாதியை நான் பாடுவதை விட்டேன். அந்த இடம் வரும்போது நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் வாய் அசையும். சத்தம் வராது. பிறகு என் பாதியைப் பாடுவேன். ஒரு வரியில் பாதி மட்டுமே கேட்கும் பாட்டாக அது இருந்தது. வெளியால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும்.

பிறகு ஒரு பின்னேரம், கோடைகாலத்து வெளிச்சம் இன்னும் யன்னலில் இருந்தது. செபத்துக்கான நேரம். வழக்கமாக நானே ஹோலுக்குப் போய் விளக்கைப் போட்டுத் தொடங்குவேன். அன்றைக்குப் போகவில்லை. அந்த நேரத்துக்குக் கூப்பிடுவது எப்போதும் அவருடைய வேலை. வெங்காயத்தை நறுக்கி வைத்துவிட்டு, அடுப்பையும் பற்றவைக்காமல், பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டிவி நின்றது. அவர்தான் நிற்பாட்டியிருக்க வேண்டும். கதிரை ஒரு தடவை கிரீச்சிட்டது. எழும்பி நடந்து வரப் போகிறார் என்று நினைத்தேன். தடிச் சத்தம் கேட்கவில்லை. வீடு அப்படியே அடங்கிக் கிடந்தது.

பிறகு, தொண்டையைச் செருமும் சத்தம்.

"இஞ்..."

கால் தானாகவே வாசல் பக்கம் திரும்பியது. தொட்டியின் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். போகக் கூடாது.

"இஞ்... சா..."

அவருடைய குரல்தான். கரகரத்து, ஒரு பக்கம் சரிந்து, ஆனால் அவருடைய குரல். அவர் விழுந்த அன்று வெறும் வீட்டில் யாரும் கேட்காமல் போன சொல், இவ்வளவு காலம் கழித்து, நடையைத் தாண்டி, நான் நிற்கும் இடத்துக்கு வந்திருக்கிறது. இந்தத் தடவை நான் இங்கே நிற்கிறேன்.

மிச்சம் வரவில்லை. மூச்சு வாங்குவது கேட்டது. மறுபடி தொடங்கினார். மறுபடியும் 'இஞ்சா' என்ற இடத்திலேயே நின்றுபோனார். மிச்ச எழுத்துகள் என் நாக்கின் நுனியில் நின்றன. இத்தனை நாள் அவருக்காக எல்லாவற்றையும் முடித்து வைத்த நாக்கு. அதை நான் சொல்லியிருந்தால் அவருக்கு வேலை மிச்சம், எனக்கும் ஆசை தீர்ந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன். அது அவருடைய பாதி. அங்கேயே கிடக்கட்டும். நாளைக்கோ, அடுத்த வருஷமோ, வராமலே போனாலும் அது அவருக்கென்று விட்டுவைத்தது. அந்த இரண்டு எழுத்துக்காக இன்றைக்கும் நான் ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். கடைசி எழுத்து கொஞ்சம் நீண்டு வருமே, அதற்காக.

ஆனால் ஒருவர் கூப்பிட்டால், முழுதாகக் கூப்பிட்டு முடிக்கட்டும் என்றா பார்த்துக்கொண்டிருப்பது? பாதிக் குரலுக்கும் ஒரு பதில் இருக்கிறது. அது என்னுடையது, அதை வேறு யாரும் சொல்ல முடியாது.

"வாறன்" என்றேன்.

சொன்ன கையோடு போனேன்.